அமெரிக்கர் சொல்லிக் கொடுத்த ரஷ்யா

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது இரண்டு நிமிஷம் தடங்கலில்லாமல் ஆங்கிலம் பேசிவிட்டால், அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிடுவேன். இப்போது கொஞ்சம் திருந்தியிருக்கிறேன். தொண்ணூற்றாறாம் வருஷம் திருந்தியிருக்கவில்லை. அதனால் என் தம்பி மனைவிக்கு ஓர் அநியாயம் நடந்தது. நடந்தது என்று எழுதினால் ஏதோ மழை பெய்த மாதிரி இருக்கிறது. செய்தது நான்தான்.

தம்பி எண்பதுகளின் கடைசியில் உதவித்தொகை கிடைத்து சோவியத் யூனியனுக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனவன். அவன் படிப்பை முடிப்பதற்குள் அந்த நாடே முடிந்துபோயிற்று. தொண்ணூற்றிரண்டில் ஒரு பெட்டி புத்தகத்தோடும் ஒரு மனைவியோடும் கிணத்துக்கடவு தோட்டத்து வீட்டில் வந்து இறங்கினான். அம்மா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள், அந்தப் பெண் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "பனியில நிக்கறா பாரு, தலைல ஒரு துண்டைக் கட்டச் சொல்லுடா" என்றாள். அத்தோடு அம்மாவின் கோபம் முடிந்தது. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. எதற்கும் சித்தப்பா சொல்வதுதான் முடிவு. ஊரறிய முறைப்படி கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவர் சொன்னதால், பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு வேண்டிய ஒரு குடும்பம் அவளைத் தங்கள் பெண்ணாக வைத்துத் தாரை வார்த்துக் கொடுத்தது.

அவள் தமிழ் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டு அடுப்படியில் என்பதால் கொங்குத் தமிழைத் தவிர வேறு தமிழ் அவளுக்குத் தெரியாது. 'ங்க' போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டாள். தோட்டத்து நாயை விரட்டும்போதுகூட, "அக்கட்ட போங்க" என்பாள். நான் கோவையில் குடியிருந்தேன். சித்தப்பாவின் ஏற்றுமதிக் கம்பெனியில் கடிதம் எழுதுவது, ஃபேக்ஸ் அனுப்புவது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவு போனால் நேராக அடுப்படிக்குப் போய், அவள் அரைத்து வைத்த சட்னியைத் தொட்டு நக்கிவிட்டு உப்புப் போதாது என்பேன். அவளும் விட மாட்டாள். "உங்க நாக்குதானுங்க அக்கா கெட்டுப்போச்சு" என்பாள். அப்படிச் சண்டை பிடித்துக்கொள்கிற அளவுக்கு ஒட்டுதல் இருந்தது.

அவர்கள் மகளுக்கு மூன்று வயது ஆனபோது, வைகாசியில் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவது என்று முடிவாயிற்று. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அவன் கொண்டுவந்த தோட்டைத்தான் போட வேண்டும். எங்கள் பக்கம் தாய்மாமன் விருந்தாளி இல்லை. சீர்த்தட்டோடு முதல் ஆளாக வருவதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் குழம்பு வாளி தூக்குவதும், எல்லாரும் சாப்பிட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் சாப்பிடுவதும் அவன்தான். நாற்காலி போட்டு மரியாதையாக உட்காரவைக்கப்படுகிறவர்கள் எல்லாம் வெளியாட்கள்.

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். மாஸ்கோவிலிருந்து சில மணி நேரம் ரயிலில் போகவேண்டிய ஒரு நெசவாலை ஊரில், மில்லில் தறி பழுதுபார்க்கிற வேலை. அவருக்கு அவள் கடிதம் எழுதினாள். வருகிறேன் என்று பதில் வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடமே போனாள்.

"எங்கண்ணன் வந்தா அவரு மடியிலதானுங்க வெக்கோணும்?"

"இதென்ன அம்மணி கேள்வி? சொந்த மாமன் இருக்கறப்ப வேற ஆரு மடி?"

அன்றைக்கு அடுப்படியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. கல்யாணத்தில் அவள் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லை. பேருக்குப் பெற்றோராக நின்றவர்கள் கையைப் பிடித்துத்தான் மணையில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு பொறந்த ஊடு இருக்குதுன்னு ஊரு ஒருக்காப் பாக்கோணுமுங்க அக்கா. அது போதுமுங்க" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணன் விசேஷத்துக்குப் பத்து நாள் முன்பே வந்தார். நாற்பதைத் தாண்டிய, நெட்டையான, பேச்சு குறைந்த மனிதர். இரண்டு பெட்டி கொண்டுவந்தார். ஒன்றில் அவர் துணிமணி, குழந்தைக்கு ஒரு ஜோடி சின்னத் தங்கத் தோடு. இன்னொன்று நிறையப் பெட்ஷீட். அவர்கள் மில்லில் அப்போது சம்பளத்துக்குப் பதிலாக, நெய்த சரக்கையே கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். அதில் நல்லதாகப் பார்த்து எடுத்துத் தங்கச்சி வீட்டுக்குச் சீராகக் கொண்டுவந்திருந்தார். சென்னிமலையிலிருந்து பெட்ஷீட் வாங்கி உலகத்துக்கு அனுப்புகிற குடும்பம் நாங்கள். சித்தப்பா ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நமக்கே பெட்ஷீட்டா?" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக மடித்து உள்ளே எடுத்துப் போனாள்.

மறுநாளிலிருந்து காலையில் ஹாலில் பாய் விரித்து அண்ணனுக்குச் சம்மணம் போட்டு உட்காரப் பழக்கினாள். அவருக்கு முட்டி மடங்குவதாக இல்லை. முதல் நாள் இரண்டு நிமிஷத்தில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வாள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், குழந்தை அவர் மடியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். அம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்து, "முட்டில தேய்க்கச் சொல்லு கண்ணு" என்று கொடுத்தாள். ஒரு வாரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய மாதிரி இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அமெரிக்கர் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்து சரக்கு வாங்குகிறவரை எங்கள் தொழிலில் பையர் என்போம். இவர் எங்களுடைய பெரிய பையர். நல்ல மனுஷன், அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். டிரைவர் பெயர்கூட நினைவு வைத்திருப்பார். சென்னிமலைக்குப் போனால் தறிக்குழியில் இறங்கி நெசவாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார். ஆனால் பையர் என்றால் அவர் சொன்னதுதான் கடைசி. சாயத்தைப் பார்த்து எங்கள் கண்ணுக்குக் கிளிப்பச்சையாகத் தெரிவதை அவர் கடல்நீலம் என்றால், அது கடல்நீலம்தான். ஃபைலில் அப்படியே எழுதி, மாதிரித் துணியில் அவர் கையெழுத்தை வாங்கி, அதற்குத் தகுந்த மாதிரி ஆயிரம் பெட்ஷீட் சாயம் போடுவோம். வருஷக்கணக்காக இப்படிப் பழகிவிட்டு, எதை அவரிடம் கேட்டு முடிவு செய்வது, எதை நாமே பார்த்துக்கொள்வது என்ற வித்தியாசம் எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

காரில் சென்னிமலைக்குப் போகும்போது, எங்கள் வீட்டில் ஒரு ரஷ்யர் ஒரு பெட்டி நிறையப் பெட்ஷீட்டோடு வந்து தங்கியிருக்கிறார் என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் இருக்கையில் முழுசாக என் பக்கம் திரும்பிவிட்டார். ஊர் போய்ச் சேரும்வரை ரஷ்யாதான்.

சின்ன வயதில் அவர் பள்ளிக்கூடத்தில் சைரன் ஊதினால் பிள்ளைகள் எல்லாம் மேஜைக்கு அடியில் போய்க் குந்திக்கொள்ள வேண்டுமாம். ரஷ்யாக்காரன் குண்டு போட்டால் தப்பிப்பதற்குப் பயிற்சி. மேஜைக்கு அடியில் என்ன தப்பிப்பது என்று அவரே சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். அந்த ஆட்சி விழுந்த அன்றைக்கு நாடே தெருவில் இறங்கி ஆடியது. இப்போது தேர்தல் வருகிறது, பாதிப் பேர் பழைய கட்சிக்கே ஓட்டுப் போடப் போகிறார்கள், ஏனென்றால் அடிமையாக இருந்தே பழகிவிட்டார்கள், தலைக்கு மேல் ஒரு ராஜா உட்கார்ந்திருக்க வேண்டும் அவர்களுக்கு. ரஷ்யர்கள் சிரிக்க மாட்டார்கள். ஒற்றர்களுக்குப் பயந்து பயந்து முகம் அப்படி ஆகிவிட்டது. குழந்தைகளை அரசாங்கமே வளர்த்ததால் குடும்பம், சொந்தம் என்ற ஒட்டுதல் கிடையாது. சாமி கிடையாது. இன்றைக்கு அங்கே விமானத்தில் ஏறக்கூடியவன் ஒன்று பழைய உளவாளியாக இருப்பான், இல்லாவிட்டால் மாஃபியா. பெண்கள் எப்படியாவது ஒரு வெளிநாட்டுக்காரனைப் பிடித்துத் தப்பிக்கப் பார்ப்பார்கள். "உங்கள் தம்பி மனைவியைச் சொல்லவில்லை" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு அப்படியே சிலிர்த்தது. பள்ளிக்கூட நாளில் எங்கள் ஊருக்கு வந்த சோவியத் படப் பத்திரிகைகளில் கோதுமைக் கட்டோடு பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வழுவழுத் தாளில்தான் நோட்டுக்கு அட்டை போடுவோம். அந்த நாட்டில் எல்லாரும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள் என்று நம்பியிருந்தேன். இப்போது ஒருவருமே சிரிப்பதில்லை என்று அதே வேகத்தில் நம்பினேன். நீங்கள் ரஷ்யாவுக்குப் போயிருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை அவரைக் கேட்டிருக்கலாம். போனதே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அவரைச் சொல்லி என்ன? நான்கு வருஷமாக என் பக்கத்தில் நின்று வெங்காயம் உரிக்கிற ரஷ்யப் பெண்ணிடம் அவள் ஊரைப் பற்றி நான் ஒன்றும் கேட்டதில்லை.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் சித்தப்பா அமெரிக்கரைத் தோட்டத்து வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தார். அமெரிக்கர் வாயெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினார். அண்ணன் சிரிக்கவில்லை. கையைக் குலுக்கினார், அப்படியே அமெரிக்கரின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். நூல் எத்தனையாம் நம்பர் என்று பார்க்கிற கை அது. சென்னிமலையில் எந்த நெசவாளியும் அதைத்தான் செய்வான், நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது, சட்டை என்ன விலை பெறும் என்று ஒரு கள்ளக்கடத்தல்காரன் எடைபோடுவதாகத் தெரிந்தது.

சாப்பிடும்போது அமெரிக்கர் கேட்கக் கேட்க, தம்பி இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தான். அந்த நாடு கலைந்த வருஷத்தைப் பற்றி உங்களுக்கு என்ன ஞாபகம் என்று முதல் கேள்வி. அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். அந்த வருஷக் கடைசியில்தான் தங்கச்சி இந்தியாவுக்குப் போகப் போவதாக வீட்டில் சொன்னாள், அதுதான் ஞாபகம் என்றார். அமெரிக்கர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அடுத்தது, யாருக்கு ஓட்டு? மனைவி இப்போதிருக்கிற அதிபருக்குப் போடுவாள், மாமனார் பழைய கட்சிக்குப் போடுவார், நான் இன்னும் முடிவு செய்யவில்லை, யார் வந்தாலும் மில்லுக்குப் பஞ்சு வந்தால் போதும் என்றார்.

எங்கள் ஊரிலும் அப்போதுதான் தேர்தல் முடிந்திருந்தது. காம்பவுண்டுச் சுவரில் சின்னம் எழுதியது இன்னும் அழியவில்லை. எங்கள் வீட்டு நாலு ஓட்டு மூன்று சின்னத்துக்குப் போயிருந்தது. அதை வைத்து எங்களை யாராவது அடிமை என்றால் சித்தப்பா சும்மா விட்டிருப்பாரா? அதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, கை கழுவுகிற இடத்தில் அமெரிக்கர் மெதுவாக, "ஒரு கேள்விக்காவது நேரான பதில் வந்ததா, பார்த்தீர்களா? அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். பாவம். அவ்வளவு பெட்ஷீட் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தீர்களா?" என்றபோது, நான் பெரிய ஆளாட்டம் தலையாட்டினேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே பரிதாபப்பட்டார்.

அவரை அனுப்பிவிட்டு வந்து சித்தப்பா கேட்டார். "ஏனம்மணி, தொரை என்ன சொன்னாப்ல?"

சொன்னேன். காரில் கேட்டது, கை கழுவும்போது கேட்டது, எல்லாவற்றையும் கொஞ்சம் காரம் சேர்த்தே சொன்னேன். எனக்கு மட்டும் தெரிந்த சங்கதியைச் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது.

"அவிய ஊர்ல சொந்தபந்தமே கெடையாதுங்கறாப்லயா?"

"அரசாங்கமே வளத்துப்போடுமாமுங்க சித்தப்பா."

"சாமியும் இல்லியா?"

"இல்லைன்னுதானுங்க சொல்றாரு."

தம்பி குறுக்கே வந்தான். "அப்படியெல்லாம் இல்லீங்க சித்தப்பா. அவரு கழுத்துல சிலுவை போட்டிருக்கறாருங்க. அவிய ஊட்ல நான் எத்தனை நாள் சோறு தின்னிருக்கறேன்..."

"நீ சும்மா இருடா. ஒலகம் பூராச் சுத்துற மனுசன் சொல்றாரு. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

ஐந்து வருஷம் அங்கே இருந்தவன் வாயை மூடிக்கொண்டான். அவனும் சித்தப்பா கம்பெனியில்தான் வேலை பார்த்தான். சித்தப்பா கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த மனிதர்மேல் கோபம் ஒன்றுமில்லை. குலதெய்வத்துக்கு முன்னால், நாலு பேர் பார்க்க, என்ன ஏது என்று தெரியாத ஆள் மடியில் பெண் குழந்தையை உட்காரவைத்து, நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பழி தன் தலையில் விழும் என்று பயந்தார். பொள்ளாச்சிக் குடும்பத்துப் பையனே மாமனாக உட்காரட்டும், முறைக்கும் குறைவில்லை என்று முடிவாயிற்று.

"அந்தப் புள்ளைகிட்ட ஆரு சொல்றது?" என்றாள் அம்மா. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அவள் அண்ணன் தரப்புச் சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று பதினொரு தட்டு. பழம், பூ, சர்க்கரை, குழந்தைக்குப் பட்டுப்பாவாடை. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு தட்டில் அந்தத் தோடு. எங்கள் பக்கத்தில் கசப்பான விஷயத்தைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டோம். மரியாதையைக் கூட்டிக்கொண்டே போவோம். எதிரில் இருப்பவர் தானாகப் புரிந்துகொண்டு விலகிவிட வேண்டும். நான் அதைத்தான் செய்தேன்.

"கண்ணு, அண்ணனுக்கு முட்டி வலி. கீழ உக்கார வெச்சு எதுக்குச் சிரமப்படுத்தறது?"

"காமணி நேரம் உக்காருவாருங்க அக்கா. இன்னைக்குக் காலைலகூட உக்காந்தாருங்க."

"இருந்தாலும் அத்தனை தூரத்துல இருந்து வந்த விருந்தாளி. முன்னால நல்ல சேராப் போட்டு, தொரை பக்கத்துல உக்கார வெக்கலாம்னு சித்தப்பா ஆசைப்படறாரு. அதுதான் அவருக்கும் மரியாதை."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான்கு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தவளுக்கு விருந்தாளி என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? ஏன் என்று கேட்பாள், அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "சரிங்க அக்கா" என்றாள். தட்டை அடுக்குகிற கை நிற்கவே இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அண்ணனிடம் அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிறகு தம்பி சொல்லித் தெரிந்துகொண்டேன். குடும்பத்தில் மிகவும் மதிக்கிறவரை முன்வரிசையில் உட்காரவைப்பது இவர்கள் வழக்கம், உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் அப்படியே நம்பினார். எங்களுக்காக அவள் சொன்ன பொய் அது.

கோயிலில் அவர் வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீறோடு, அமெரிக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோட்டைப் பொள்ளாச்சிப் பையன் கையில் கொடுக்கச் சொன்னோம், கொடுத்தார். பழக்கமில்லாத மடியில் உட்காரவைத்ததும் குழந்தை வீறிட்டு, கையை நீட்டித் தன் மாமனைப் பார்த்துத் தாவியது. அவர் பாதி எழுந்தார். பிறகு இது முறையில்லையோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்ததும், வெளிச்சத்தில் தோடு மின்னியபோது, அவர் முகமெல்லாம் மலரச் சிரித்தார். பத்து நாளில் அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். அமெரிக்கர் சட்டென்று காமிராவைத் தூக்கிப் படம் எடுத்தார். பந்தியில் அண்ணன் இரண்டு தடவை குழம்பு வாளியைத் தூக்கப் போனார். தங்கச்சி முன்பே சொல்லிவைத்திருப்பாள்போல. இரண்டு தடவையும் எங்கள் ஆட்கள், "நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க" என்று வாளியை வாங்கிக்கொண்டார்கள். முதல் பந்தியிலேயே உட்காரவைத்துச் சாப்பிடவைத்தோம். அவள் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாள் கழித்து, சென்னை ரயிலேற்றிவிடக் கோவை ஸ்டேஷனுக்குப் போனோம். அண்ணன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். தம்பி டிக்கெட்டைச் சரிபார்க்கப் போயிருந்ததால் அவள்தான் மொழிபெயர்த்தாள். என் முகத்தை நேராகப் பார்த்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"எங்க ஊர்ல அசலாளுங்களப் பாத்துச் சிரிக்க மாட்டோமுங்க. சிரிப்பு சொந்தக்காரங்களுக்குத்தானுங்க. இவிய என்னைய அசலா நெனைக்காம, சொந்தமா நெனைச்சு முன்னால உக்கார வெச்சாங்க. எந்தங்கச்சி நல்ல ஊட்லதான் இருக்கறா. இதப் பாக்கறதுக்கு எங்கம்மா இல்லாமப் போயிட்டாங்களேங்கறாருங்க அக்கா."

மறுபடி வரச் சொல்லு என்று மட்டும் சொன்னேன். அதை அவள் அவரிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது காரில் தம்பி சொன்னான். அந்த ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஒரு சின்னத் தோட்டம், அதில் ஒரு மர வீடு. ஆப்பிள் மரமெல்லாம் அவர்கள் அப்பா வைத்தது. அதை விற்றுத்தான் டிக்கெட் எடுத்து வந்தாராம். ஸ்டேஷனில்தான் தங்கச்சியிடமே சொல்லியிருக்கிறார். அவள் முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் மண்ணில் தோட்டத்தை விற்கிறவன் எவ்வளவு பெரிய காரியத்துக்கு விற்பான் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். "தோட்டத்த வித்தா சீர் கொண்டாந்தான்?" என்று ஒரு தடவை கேட்டார். முன்பே தெரிந்திருந்தால் அவரே கையைப் பிடித்து மணையில் உட்காரவைத்திருப்பார். ஆனால் அந்த மனிதரிடம் நாங்கள் அரசியலைத்தான் கேட்டோம். வீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அமெரிக்கர் ஊருக்குப் போய்ப் படங்களைத் தபாலில் அனுப்பினார். அண்ணன் சிரிக்கிற படத்தின் பின்னால், சுதந்திரமான ஒரு நாட்டுக்கு வந்ததும் உங்கள் ரஷ்யர் சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று எழுதியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு பக்கம் எழுதித் தள்ள வேண்டும் என்று டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். படங்கள் கிடைத்தன, மிக்க நன்றி என்று அடித்து அனுப்பினேன். அவரிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அவருக்காவது சின்ன வயதில் மேஜைக்கு அடியில் குந்தவைத்துப் பயத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போனால், "வாங்க அக்கா, உக்காருங்க" என்று ஹாலிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டாள். சட்னியில் உப்பு இல்லை என்றால், "ஆமாங்க அக்கா, தப்புத்தானுங்க" என்பாள். எனக்கு அழுகை வரும். ஒரு நாள் துணிந்து, "நான் பண்ணுனது பெரிய தப்பு கண்ணு. என்னை மன்னிச்சுக்க" என்றேன். "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காப்பி ஆறுதுங்க" என்றாள்.

தொண்ணூற்றெட்டில் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். இந்தத் தடவை விடக்கூடாது என்று நினைத்தேன். மறு வருஷம் சித்தப்பாவிடம் பேசி, அவளுக்கு இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அண்ணன் வர டிக்கெட்டை நானே எடுத்துக்கொடுப்பது, அவரை மணையில் உட்காரவைப்பது, சித்தப்பாவே எல்லார் முன்னாலும் அவருக்கு மாலை போடுவது என்று முடிவுசெய்தோம். சித்தப்பாவுக்கு என்னைவிட அவசரம். கோயிலில் நாள் பார்த்து, குறித்து வாங்கி, சந்தோஷத்தோடு தோட்டத்து வீட்டுக்குப் போன் போட்டேன். அவள்தான் எடுத்தாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டாள்.

"பையனுக்குப் போன வாரமே ஆசாரி கடைக்குக் கூட்டிப் போயிக் குத்திப்போட்டேனுங்க அக்கா."

"ஆரு மடில வெச்சுக் குத்துனீங்க கண்ணு?"

"எம் மடிலதானுங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. "மாமன் இல்லாத புள்ளைக்கு அம்மா மடிதானுங்க அக்கா."